பித்தளைக்காரனும் இரும்புக்காரியும்

டூல்காரா பண்ணை,
குனமுல்லா வழி.
2 மே 2006

நெவில்,

நீ போனை வைத்த வேகத்தில் என் காது இன்னும் கொய்யென்கிறது. ஐம்பது வயதாகிறது உனக்கு. அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே படக்கென்று வைக்கிறாய். இனி உனக்குப் போன் போடுவதாக இல்லை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கிழித்துப் போடலாம். கிழிப்பதற்குள் நாலு வரியாவது கண்ணில் படும், அது போதும் எனக்கு.

அலமாரியில் இரண்டு பெட்டி இரும்புக் கூட்டுத் தோட்டாவைப் பார்த்தாய். அதற்காக ஒரு மனுஷன் பையைத் தூக்கிக்கொண்டு மவுண்ட் ஐசா சுரங்கத்துக்கு வேலைக்குப் போவானா? தபால் வண்டி ஓட்டுகிற பேட் கேட்டாள். "ஏன் டோரீன், உன் தம்பியக் காணோமே?" "நான் வாங்கின தோட்டா இரும்புல இருக்காம், கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் வாங்கினேன் என்று நீ கேட்கவே இல்லை. கேள். மார்ச் மாதம் குட்டைக் கரையில் அந்தக் காட்டு நாய் வந்தது. அதேதான், இடது முன்காலில் இரண்டு விரல் இல்லாத சனியன். விஷம் வைத்த இறைச்சியைத் தொடாது, பொறி வைத்தால் சுற்றிக்கொண்டு போகும். நான் துப்பாக்கியோடு படுத்திருந்தேன். சுட்டேன். முதுகுக்கு மேலே போய்விட்டது. நாய் கொஞ்ச தூரம் ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தது. அந்த இடத்தில் துப்பாக்கியின் போல்ட் பிடியைச் சடக்கென்று இழுத்து அடுத்த தோட்டாவைத் தள்ளியிருக்க வேண்டும். என் கை என்ன செய்தது தெரியுமா? மெள்ளத் திறந்து, காலிக் கூடு மண்ணில் விழாமல் உள்ளங்கையில் பிடித்தது. "அக்கா, கூடு! கூடு பத்திரம்! கல்லுல விழுந்தா வாய் நசுங்கிடும்!" என்று வருஷக்கணக்காக நீ கத்திக் கத்திப் பழக்கிய கை அது. நிமிர்ந்து பார்த்தேன். நாய் இல்லை. கையில் சுடச்சுட ஒரு பித்தளைக் கூடு இருந்தது. நீ மறுபடி மருந்து ஏற்றுவதற்காக!

அதனால்தான் இரும்பு வாங்கினேன். சுட்டோமா, எறிந்தோமா, மறந்தோமா என்று இருக்கலாம். குனிந்து பொறுக்க வேண்டாம். நாய்க்குக் குண்டு எந்தக் கூட்டிலிருந்து வந்தது என்று தெரியவா போகிறது?

இதையும் கேட்டுக்கொள். சினை ஆடுகள் முந்நூற்றுச் சொச்சம் இருக்கின்றன. ஜூலை கடைசியில் குட்டி போட ஆரம்பிக்கும். போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் எத்தனை குட்டி மிஞ்சியது என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்தச் சாலையில் ஆடு வைத்திருப்பது இப்போது நாம் மட்டும்தான். பக்கத்துப் பண்ணைக் கெல்வின் உட்பட எல்லோரும் மாட்டுக்குப் போய்விட்டார்கள். ஆடுகள் குட்டி போடுவதற்குள் அந்த நாய் சாகவில்லையென்றால் மொத்தத்தையும் லாரியில் ஏற்றி விற்றுவிடுவேன். குடல் கிழிந்த குட்டிகளை இன்னொரு வருஷம் காலையில் எழுந்து பொறுக்க என்னால் ஆகாது. பண்ணை இரண்டு பேர் பேரிலும் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். என்னைவிட நீ நன்றாகச் சுடுவாய். வந்து தொலை.

டோரீன்


மவுண்ட் ஐசா
11 மே 2006

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் கோபம்தான் வந்தது.

நான் இரும்புத் தோட்டாவுக்காகக் கோபித்துக்கொண்டு போனதாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாய். எனக்குத் தெரியாமல் வாங்கி, மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாயே, அதற்காகப் போனேன். குடிகாரன் புட்டியை ஒளிப்பதுபோல ஒளித்திருந்தாய். நான் கண்டுபிடித்துக் கேட்டபோது என்ன சொன்னாய்? "உன் கொட்டகை ஒரு பித்தளைக் கோயில், நீ அதுல பூசாரி" என்றாய். கம்பளி வாங்க வந்த ஆட்கள் முன்னால் சொன்னாய்.

சரி, பூசாரி சொல்கிறேன், கேள். பித்தளை மெத்தென்று இருக்கும். மருந்து வெடிக்கும்போது கூடு வீங்கித் துப்பாக்கியின் உள்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். புகை பின்னால் வராது. வெடித்து முடிந்ததும் கொஞ்சம் சுருங்கிக்கொள்ளும், அதனால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். இரும்பு அப்படி இல்லை. அதற்கு வீங்கவும் மனசு வராது, வீங்கினால் சுருங்கவும் மனசு வராது. இடுக்கு வழியாகக் கரி பின்னால் வந்து உள்ளே படியும். துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் வேறு எதையோ பூசி வைக்கிறான். கூட்டை இழுக்கும் சின்னக் கொக்கி இரும்போடு உரசி உரசித் தேயும். ஒரு நாள் கூடு உள்ளே சிக்கிக்கொள்ளும். அந்த நாள் நீ சும்மா டப்பாவைக் குறிவைத்துக்கொண்டிருக்கும் நாளாக இருக்காது. எப்போதும் அப்படித்தான் நடக்கும்.

பித்தளைக் கூட்டைத் திரும்ப ஏற்றலாம். நம் துப்பாக்கியின் அளவுக்கு அது ஏற்கெனவே பழகியிருக்கும். மருந்தை நானே நிறுத்துப் போடுகிறேன். ஒன்று போன இடத்துக்கே அடுத்ததும் போகும். கடையில் வாங்கிய இரும்பு இஷ்டத்துக்குப் போகும். நீ முதுகுக்கு மேலே சுட்டதற்கு என் கூடு காரணமில்லை. நீ அவசரப்பட்டாய்.

இங்கே தகரக் கொட்டகையில் நான்கு பேர் ஒரே அறையில் படுக்கிறோம். சாப்பாடு மோசமில்லை. தினமும் உப்புக்கண்டம், வெந்த பூசணி. என் காலிக் கூடுகள் ஒரு பையில் என்னோடு இருக்கின்றன. பக்கத்துக் கட்டில்காரன் "என்னய்யா, இதுக்குத் தாலாட்டுப் பாடுவியா?" என்று கேட்கிறான். கேட்கட்டும்.

அங்கே என் கொட்டகையில் சிவப்பு மூடி டப்பாவில் நான் ஏற்றிய தோட்டா கொஞ்சம் மிச்சம் இருக்கும். நாய்க்கு அதை மட்டும் போடு. இப்போது லீவு கேட்டால் தரமாட்டார்கள். கேட்கவும் இஷ்டமில்லை.

நெவில்


டூல்காரா
23 மே

நெவில்,

உட்கார். நின்றுகொண்டு படித்தால் துள்ளிக் குதிப்பாய்.

இன்று காலை டீ போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். நாய் தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பட்டப்பகலில்! வேலியோரமாகத் தவழ்ந்து போனேன். என் முட்டி பட்ட பாட்டை விடு. சிவப்பு மூடி டப்பாவில் உன்னுடையது ஒன்றே ஒன்றுதான் பாக்கி. மற்றதைப் பன்றிகள் மேல் சுட்டுத் தீர்த்திருக்கிறாய், அதை எழுத மறந்துவிட்டாய். அதனால் துப்பாக்கியில் மேலே உன் பித்தளை, கீழே என் இரும்பு என்று போட்டிருந்தேன்.

முதல் குண்டு வயிற்றுக்குக் கீழே மண்ணைக் கிளப்பியது. நாய் ஓடி, மறுபடியும் நின்று, திரும்பிப் பார்த்தது. இந்த முறை நான் கூட்டைப் பிடிக்கவில்லை. சத்தியமாகப் பிடிக்கவில்லை. சடக்கென்று இழுத்தேன், எங்கேயோ புல்லில் போய் விழுந்தது, அடுத்ததைத் தள்ளினேன். பாதி வழியில் நின்றுவிட்டது. உள்ளங்கையால் குத்தினேன். இன்னும் இறுகியது. போல்ட் மட்டும் காலியாகத் திரும்பி வருகிறது, இரும்புத் தோட்டா உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நாய் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது, நெவில். நான் குத்திக் குத்திப் பார்த்ததை வேடிக்கை பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் போனது.

வெடிக்காத தோட்டா உள்ளே சிக்கியிருக்க, குழலை வண்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு சார்ல்வில் வரை ஓட்டினேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போய் வந்தது. பழுதுபார்க்கிற ஆள் துப்பாக்கியை வாங்கிக்கொண்டான். முன்னால் வேலை நிறைய இருக்கிறதாம், வாரக்கணக்காகுமாம். வீட்டில் மிச்சம் இருப்பது முயலடிக்கும் சின்னத் துப்பாக்கி. அதை வைத்து அந்த நாயை அதட்டத்தான் முடியும்.

நீ சொன்னதுதான் சரியோ என்னவோ. எழுதிவிட்டேன். போதுமா? இப்போதாவது வா.

டோரீன்


மவுண்ட் ஐசா
31 மே

அன்புள்ள அக்கா,

சொன்னேனா, இல்லையா?

சந்தோஷப்படக் கூடாது, தெரியும். ஆனால் எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்! பித்தளை போட்டாய், சுட்டது. இரும்பு போட்டாய், சிக்கியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் உரக்கப் படித்துக் காட்டினேன். முழுதும் இல்லை, துப்பாக்கிச் சங்கதி மட்டும். எல்லோரும் என் பக்கம்தான். ஒருவன் மட்டும் "நான் கெய்ர்ன்ஸ்ல வண்டி வண்டியா இரும்பு சுட்டிருக்கேன், ஒண்ணும் ஆகல" என்றான். "உன் குறி எப்படின்னு எங்களுக்குத் தெரியாதா" என்று மற்றவர்கள் அவன் வாயை அடைத்துவிட்டார்கள்.

மீதி இரும்பை எல்லாம் ஆற்றில் கொண்டுபோய்ப் போடு. ஆற்றில் தண்ணீர் இல்லையென்றால் குழி தோண்டிப் புதை.

வருவதைப் பற்றி. வருகிறேன். ஆனால் ஒன்று. கம்பளி வாங்க வந்த ஆட்கள் முன்னால் என்னைப் பூசாரி என்றாய். கோயில் என்றாய். "நீ சொன்னதுதான் சரியோ என்னவோ" என்று இழுத்தால் எனக்குப் போதாது. "என் தப்பு, நெவில்" என்று ஒரு வரி எழுது. எழுதினால் அடுத்த பஸ்ஸில் ஏறுகிறேன். இது பிடிவாதமில்லை. ஒரு மனுஷனுக்குக் கொஞ்சம் மரியாதை வேண்டாமா?

துப்பாக்கி திரும்பி வந்ததும் உள்ளே சுத்தமாகத் துடைக்கச் சொல். நீ பண்ணின கோலத்துக்கு உள்சுவர் கீறியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

நெவில்


டூல்காரா
19 ஜூன்

நெவில்,

இந்த உறையில் ஒரு பித்தளை வளையம் இருக்கிறது. தொலைத்துவிடாதே. படித்துக்கொண்டே கையில் வைத்துப் பார்.

சனிக்கிழமை துப்பாக்கியை வாங்கிவரச் சார்ல்வில் போனேன். பழுதுபார்க்கிற ஆள் ஒரு கையில் கறி அடைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே மேஜைமேல் என் தோட்டாவை உருட்டிவிட்டான்.

"இந்தா உன் இரும்பு. கழுத்துல என்ன மாட்டிக்கிட்டிருக்கு பாரு."

"பித்தளை மாதிரி இருக்கே."

"மாதிரி என்ன மாதிரி, பித்தளையேதான். அதுக்கு முன்னால ஒண்ணு சுட்டியே, அந்தக் கூடு. வெடிச்சதும் அடிப்பக்கம் பிச்சுக்கிட்டு வெளிய வந்திருக்கு. மேல்பாதி உள்ளேயே தங்கிடுச்சு. அதுக்குள்ள போய் இது மாட்டிக்கிச்சு. பாவம், இரும்பு என்ன பண்ணும்?"

"அப்ப நான் இழுத்து எறிஞ்சது?"

"வெறும் அடித்துண்டு. பார்க்கலியா நீ?"

பார்க்கவில்லை. கையில் பிடித்திருந்தால் பார்த்திருப்பேன். ஆயுசில் ஒரே ஒரு முறை நீ சொன்ன பேச்சைக் கேட்காமல் எறிந்தேன், அந்த முறைதான் பிடித்திருக்க வேண்டுமாம். இதற்குச் சிரிப்பதா அழுவதா? கடையில் நின்று சிரித்தேன். வண்டியில் ஏறி அழுதேன்.

"யாரு ஏத்தினது?" என்று கேட்டான்.

"என் தம்பி."

"ஒரே கூட்டைத் திரும்பத் திரும்ப ஏத்துவாரோ?"

"கூட்டைத் தூக்கிப் போடச் சொன்னா உசுரு போயிடும் அவனுக்கு."

"பித்தளையும் சலிச்சுப் போகும்மா. ஒவ்வொரு தடவையும் நீளும், உள்ள மெலியும். ஒரு நாள் கிழியும். நல்ல புதுப் பித்தளைன்னா இரும்பு கிட்டவே வர முடியாது, அதை நான் மறுக்கல. இது கிழட்டுப் பித்தளை."

அவன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. பித்தளை நல்லது என்று சொன்னதையும் விடவில்லை, பார்த்தாயா?

இப்போது என் கோபத்தைக் கேள். துப்பாக்கி அங்கே கிடந்த நாட்களில் நாய் ஐந்து முறை வந்தது. கொன்று தின்றால்கூடப் பரவாயில்லை என்பேன். தொடையைக் கடித்துக் கிழித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. கிழிந்த காலோடு வயிற்றில் குட்டியை வைத்துக்கொண்டு நிற்கிற ஆடுகளை நான்தான் கழுத்தறுத்து முடித்தேன். அப்படி ஒரு நாள் காலையில் முடித்துவிட்டுக் கைகழுவி உட்கார்ந்தபோதுதான் உன் "சொன்னேனா, இல்லையா" வந்தது. மேஜையில் உரக்கப் படித்தாயாமே! அன்று ராத்திரியே மன்னிப்புக் கேட்டு எழுதினேன், தெரியுமா? "என் தப்பு, நெவில்" என்று நீ கேட்டபடியே எழுதினேன். நீ மன்னிக்காவிட்டாலும் வந்தால் போதும் என்று எழுதினேன். பேட் வருவதற்காக அலமாரியில் வைத்திருந்தேன். கழுதைபோல ஒரு வாரம் அதைத் தபாலில் போட மனசு வராமல் வைத்திருந்தேன். நல்லவேளை. சனிக்கிழமை திரும்பி வந்து அடுப்பில் போட்டேன்.

ஆடு விற்றுத் தரும் ஏஜென்ட் வந்து பார்த்துவிட்டுப் போனான். தெற்கே ஒருவன் சினையாடு கேட்கிறானாம், வேலி நன்றாக உள்ள இடமாம். குட்டி போட ஆரம்பித்தால் லாரியில் ஏற்ற முடியாது, ஜூலை நடுவுக்குள் சொல் என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஆடுகளை விற்க எனக்கு ஆசையில்லை, நெவில். மாடு மேய்க்க எனக்குத் தெரியாது, கற்கவும் இஷ்டமில்லை.

நீ கேட்ட அதே வரியை நான் கேட்கிறேன். ஒரு வரி. எழுதிவிட்டு, புதுக் கூட்டில் நாலு தோட்டா ஏற்றிக்கொண்டு வா. நீ சுட்டால் விழும். எனக்கு அது தெரியும், அந்த நாய்க்கும் தெரியும்.

டோரீன்


மவுண்ட் ஐசா
29 ஜூன்

அன்புள்ள அக்கா,

வளையம் கிடைத்தது. என் கூடுதான். மறுக்கவில்லை.

ஆனால் ஏன் கிழிந்தது என்று யாராவது யோசித்தீர்களா? பழுதுபார்க்கிறவன் யோசிக்கவில்லை. கறி ரொட்டி தின்றுகொண்டிருந்தான். நான் யோசித்தேன். நான் கிளம்பிய பிறகு நீ எத்தனை இரும்பு சுட்டாய்? வேலியில் வந்த பன்றி, டப்பா, காக்கை என்று சுட்டிருப்பாய். அத்தனை கரியும் உள்ளே படிந்திருக்கும். அதன்மேல் என் பித்தளையைப் போட்டாய். வெடித்ததும் வீங்கியது, கரியில் ஒட்டிக்கொண்டது, சுருங்கி வர முடியவில்லை. நீயோ சடக்கென்று இழுத்தாய். அடி பிய்ந்துகொண்டு வராமல் என்ன செய்யும்? ஆகவே கிழிந்தது பித்தளை, கிழித்தது இரும்பு.

நான் ஏற்றும் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் வளைத்த கம்பியை விட்டுத் தடவிப் பார்ப்பேன். உள்ளே பள்ளம் விழுந்திருந்தால் கம்பியில் தட்டும். தட்டினால் தூக்கிப் போட்டுவிடுவேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை அது. அந்தச் சிவப்பு மூடி டப்பாவில் இருந்தவற்றையும் பார்த்திருப்பேன். பார்க்காமல் இருக்க வாய்ப்பில்லை. கிளம்புகிற வாரத்தில் கொஞ்சம் அவசரமாக ஏற்றியிருக்கலாம். நீ கத்திக்கொண்டிருந்தாய், எவனுக்குக் கவனம் வரும்?

படம் போட்டு விளக்கியிருக்கிறேன், அடுத்த மூன்று பக்கமும் பார். முதல் படத்தில் துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறை, கரி படிந்தபடி. இரண்டாவதில் அம்புக்குறி போட்டது இழுவிசை. அதை அந்த ஆளிடம் காட்டு. ஒத்துக்கொள்வான்.

ஆடுகளைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன், பாவம்தான். அதற்காக அவசரப்பட்டு எதுவும் செய்யாதே. இப்போது இங்கே பெரிய பழுது வேலை நடக்கிறது, யாருக்கும் லீவு இல்லை. ஆகஸ்டில் பார்க்கலாம். அதற்குள் நீயும் கொஞ்சம் தணிந்திருப்பாய்.

நீ கேட்கிற வரியை எழுத முடியாது. தப்பு யாருடையது என்று தெளிவாகவில்லை.

நெவில்


டூல்காரா
14 ஜூலை

நெவில்,

உன் நாலு பக்கம் போன வெள்ளிக்கிழமை வந்தது. படங்களும் பார்த்தேன். அம்புக்குறி நன்றாகப் போட்டிருக்கிறாய். படித்து முடித்து மடித்து வைத்துவிட்டு ஏஜென்டுக்குப் போன் போட்டேன்.

லாரி செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு தட்டு லாரி, இரண்டு நடை. ஆடுகள் ஏற மாட்டேனென்று முரண்டு பிடித்தன. கெல்வின் வந்து உதவினான். ஏற்றிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. "டோரீன், போன் அடிக்குது" என்றான் கெல்வின். "அடிக்கட்டும்" என்றேன். ஒரு கையால் கதவையும் ஒரு கையால் ஆட்டையும் பிடித்திருந்தேன். யார் ஓடுவது?

கடைசி ஆடு ஏறிய பிறகு கெல்வின், "பெரிய பாரம் எறங்கிச்சுன்னு வெச்சுக்கோ. என் மாட்டை இங்க மேய விடறேன், வாடகை தரேன்" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். அவனை ஓங்கி அறையலாம்போல இருந்தது.

இப்போது மற்றதைக் கேள். மறுநாள் காலை வாசற்படியில் டீயோடு உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாகச் செய்ய வேலை எதுவுமில்லை. நாய் வந்தது. பட்டிக்குள் நுழைந்தது. ஆடுகள் ஏறிய சரிவுப் பலகையை முகர்ந்தது, மேலே ஏறி நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. எங்கே போயின என்று தேடியதுபோல இருந்தது. துப்பாக்கி கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. ஒரே குண்டு. இருந்த இடத்திலேயே விழுந்தது. முன்காலைத் தூக்கிப் பார்த்தேன். அதே நாய்.

ஒரு நாள்! ஒரே ஒரு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா அந்தச் சனியன்? அன்று பூராவும் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து வாய்விட்டுத் திட்டினேன். நாயை, ஏஜென்டை, உன்னை, என்னை. கேட்க ஆளில்லாததால் பெரிய சத்தமாகத் திட்டினேன்.

எந்தக் கூட்டில் சுட்டேன் என்று கேட்பாய். பழுதுபார்க்கிற ஆள் புதுப் பித்தளையில் ஒரு பெட்டி கொடுத்தான். இரும்பும் மிச்சம் இருந்தது. எதைப் போட்டேன் என்று எனக்குத் தெரியும். உனக்குச் சொல்ல மாட்டேன். சாகிறவரைக்கும் சொல்ல மாட்டேன். நீ மேஜையில் உரக்கப் படிக்க இனி என்னிடமிருந்து ஒன்றும் வராது.

உன் பங்கைப் பேங்கில் போட்டிருக்கிறேன். உன் கொட்டகையைத் தொடவில்லை. நான் செப்டம்பர் வரை இங்கே இருப்பேன், பிறகு டூவூம்பாவில் ஒரு வீடு பார்க்கலாம் என்றிருக்கிறேன். இங்கே ராத்திரி ரொம்ப அமைதியாக இருக்கிறது. ஆடு செருமும் சத்தம்கூட இல்லை.

டோரீன்


மவுண்ட் ஐசா
13 ஜூலை

அன்புள்ள அக்கா,

செவ்வாய்க்கிழமை போன் போட்டேன். இரண்டு முறை போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீ பக்கத்திலேயே கைகட்டி நின்று முறைத்துக்கொண்டிருந்திருப்பாய், எனக்குத் தெரியாதா? சரி, முறை. மறுபடி போட மாட்டேன். போனில் சொல்கிற விஷயமும் இல்லை.

உனக்குப் படம் வரைந்து அனுப்பிய பிறகு தூக்கம் வரவில்லை. நான் கொண்டுவந்த பையில் அந்தச் சிவப்பு மூடி டப்பாக் கூடுகளோடு ஒன்றாக வாங்கிப் பழகிய கூடுகள்தான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் ஒன்றை இடுக்கியில் வைத்து நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்தேன். நீ சொன்னது பொய் என்று காட்டத்தான் அறுத்தேன், மறைப்பானேன். அடியிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு மேலே, உள்ளே பளபளவென்று ஒரு கோடு. அந்த இடத்தில் பித்தளை தாள்போல மெலிந்திருந்தது. இது ஒன்றுதான் இப்படி என்று அடுத்ததை அறுத்தேன். அதுவும் அப்படித்தான். பக்கத்துக் கட்டில்காரன் வந்து நின்றான். "என்னய்யா, குழந்தைங்களை அறுத்துப் போட்டுக்கிட்டிருக்கே?" என்றான். பையில் இருந்த எல்லாவற்றையும் அறுத்தேன். நல்லது ஒன்றுகூட இல்லை.

கம்பி விட்டுப் பார்த்தேன் என்று எழுதினேன் இல்லையா? பார்த்தேன். தட்டியது. லேசாகத்தானே தட்டுகிறது, இன்னொரு தடவை தாங்கும் என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எறிய மனசு வரவில்லை. உன்னைக் கூடு கூடு என்று விரட்டிவிட்டு, எறிய வேண்டியதை எறியாமல் வைத்திருந்தவன் நான்தான்.

என் தப்பு, அக்கா. இரும்பும் இல்லை, நீயும் இல்லை. என் தப்பு. கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன், சட்டம் போட்டு மாட்டிக்கொள். கெல்வினைக் கூப்பிட்டுக் காட்டு. பேட்டிடம் காட்டு, வண்டி ஆடட்டும்.

வேலையை விட்டுவிட்டேன். லீவு தரமாட்டேனென்றான் மேஸ்திரி, அப்படியானால் கணக்கை முடி என்றேன். இங்கே கடையில் புதுப் பித்தளையில் ஒரு பெட்டி வாங்கியிருக்கிறேன். சும்மா சொல்லக் கூடாது, பக்கத்திலேயே இரும்பும் ஒரு பெட்டி வாங்கினேன். பன்றிக்கு அது போதும். நீ சொன்னது சரிதான், எல்லாவற்றுக்கும் பொறுக்கிக்கொண்டிருக்க முடியாது.

நாயை என்னிடம் விடு. தொட்டிக்குத் தெற்கே பழைய தண்ணீர்க் குழாய் மேட்டில் படுத்தால் காற்று நம் பக்கம் வரும். ஒரு வாரம் கொடு எனக்கு, அங்கேயே சோறு தண்ணியோடு படுத்துக்கிடக்கிறேன். நீ அதுவரைக்கும் ஆடுகளை வீட்டுப் பக்கத்துப் பட்டிக்கு மாற்றி வை. குட்டி போடும்போது இரண்டு பேர் இருந்தால் பாதிச் சிரமம் குறையும். இந்த வருஷம் மிஞ்சுகிற குட்டிகளை விற்க வேண்டாம். எல்லாவற்றையும் வைத்துக்கொள்வோம். கெல்வின் மாட்டோடு ஒழியட்டும்.

ஏஜென்ட் வந்தால் "எங்க வீட்ல ஆடு விக்கிறதில்ல, போய்யா" என்று சொல்.

சனிக்கிழமை, இருபத்திரண்டாம் தேதி, பஸ்ஸில் சார்ல்வில் வந்து பேட்டின் வண்டியில் ஏறிக்கொள்கிறேன். நீ கேட்டுக்கு வந்து நிற்க வேண்டாம், முட்டி வலிக்கும். நான் நேரே பட்டிக்குப் போய் ஆடுகளைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் வீட்டுக்குள் வருவேன்.

உன் தம்பி
நெவில்